வன்னி முற்றத்தில் ஒரு சிற்றலை றேடியோ: அயனமண்டலத்தைக் கவனிக்க முழு வழிகாட்டி

கரண்ட் இல்லாத அந்த வருடங்களில் எங்கள் வீட்டில் சைக்கிள்தான் மின்நிலையம். அதைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றினால், டைனமோவில் வரும் மின்சாரத்தில் றேடியோ பேசும். இரவு 9.15க்கு பி.பி.சி. தமிழோசை. சுற்றுவது என் வேலை. நான் எவ்வளவு சீராகச் சுற்றினாலும் சத்தம் சீராக இருக்காது. எழும்பும், அமுங்கும், சில இரவுகளில் யாரோ தண்ணீருக்குள் நின்று பேசுவதுபோல் படபடக்கும். "ஒழுங்காச் சுத்தடா" என்று எனக்குத்தான் ஏச்சு விழும். கோளாறு என் கையில் இல்லை, தலைக்கு மேலே 300 கிலோமீற்றர் உயரத்தில் இருந்தது என்று தெரிய எனக்கு இருபது வருடம் எடுத்தது.

அந்த உயரத்தை முற்றத்தில் இருந்தபடியே கவனிப்பது எப்படி என்பதைத்தான் இங்கே சொல்கிறேன். ஒரு சிற்றலை றேடியோ, கொஞ்சம் கம்பி, ஒரு கொப்பி போதும். ஒன்றை இப்போதே சொல்லிவிட வேண்டும். இந்த விஷயத்தில் கிடைக்கும் கையேடுகளில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இருப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. "குளிர்காலப் பகலில் இப்படி, கோடை இரவில் அப்படி" என்று அவை சொல்வதை வவுனியாவில் இருந்துகொண்டு நம்பினால் ஏமாற்றம்தான். நம் தலைக்கு மேலே உள்ள மண்டலத்தின் குணம் வேறு.

மேலே இருப்பது என்ன?

சூரியனின் புறஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும் மேல்வளியில் உள்ள அணுக்களிலிருந்தும் மூலக்கூறுகளிலிருந்தும் இலத்திரன்களைத் தட்டிப் பறிக்கின்றன. அப்படிப் பறிபட்ட இலத்திரன்கள் நிறைந்த பகுதியே அயனமண்டலம். கீழே 60 முதல் 90 கிலோமீற்றர் வரை டி படை. அதற்கு மேல் 150 வரை ஈ படை. அதற்கும் மேல் எஃப் படை. எஃப் படை பகலில் இரண்டாகப் பிரியும். மேலே இருக்கும் எஃப்2தான் தூரத்து நிலையங்களைக் கொண்டுவந்து தரும் பெரிய கை.

டி படையின் வேலை வேறு. அது அலையை வளைப்பதில்லை, விழுங்குகிறது. பகலில் மட்டும் இருக்கும், பொழுது பட்டதும் மறைந்துவிடும். அதிர்வெண் (பள்ளிக்கூடத்தில் நாங்கள் மீடிறன் என்று படித்தது) இரட்டித்தால் அது விழுங்குவது ஏறத்தாழ நாலில் ஒன்றாகக் குறையும். மத்திய அலையில் பகலில் கிட்டத்து நிலையங்களும் இரவில் வட இந்திய நிலையங்களும் கேட்பதற்கு இதுவே காரணம்.

ஒரு கணக்கை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எஃப்2 படையில் ஒரு கன மீற்றருக்கு ஒரு இலட்சம் கோடி இலத்திரன்கள் இருந்தால், நேர் மேலே அனுப்பும் அலை ஏறத்தாழ 9 மெகாஹேர்ட்ஸ் வரை கீழே திரும்பி வரும். அதற்கு மேற்பட்டது துளைத்துக்கொண்டு விண்வெளிக்குப் போய்விடும். இலத்திரன் நாலு மடங்கானால் இந்த எல்லை இரண்டு மடங்காகும். அலையைச் சரிவாக, அடிவானத்தை ஒட்டி அனுப்பினால் எல்லை கிட்டத்தட்ட மூன்று மடங்கு வரை உயரும். சூரியனும் பருவமும் செய்வதெல்லாம் இந்த இலத்திரன் எண்ணிக்கையைக் கூட்டுவதும் குறைப்பதும்தான்.

படி 1: நிற்கும் இடத்தை அறிந்துகொள்ளுங்கள்

பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் தென்முனையையும் இலங்கையையும் ஒட்டிப் போகிறது. அந்தக் கோட்டில் காந்தப்புலம் நிலத்துக்குச் சமாந்தரமாகப் படுத்துக்கிடக்கும். கேரளத்தில் தும்பாவை ரொக்கெட் ஏவ இடமாகத் தேர்ந்ததற்கு இதுவே காரணம். 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ரொக்கெட் கிளம்பியது. தும்பாவின் அகலாங்கு 8.5 பாகை, வவுனியாவினது 8.75. அவர்கள் ரொக்கெட் விட்டு ஆராய்ந்த அதே வகை வானத்தின் கீழேதான் நாம் நெல் காயவைக்கிறோம்.

படுத்துக்கிடக்கும் காந்தப்புலம் என்ன செய்கிறது? பகலில் சுமார் 105 கிலோமீற்றர் உயரத்தில் கிழக்கு நோக்கி ஒரு பெரிய மின்னோட்டம் ஓடுகிறது. அங்குள்ள மின்புலமும் இந்தக் காந்தப்புலமும் சேர்ந்து எஃப் படையின் பிளாஸ்மாவை (இலத்திரன்களும் அவற்றை இழந்த அயன்களும் கலந்த வாயுவை) மேலே தூக்குகின்றன. தூக்கப்பட்டது காந்தக் கோடுகள் வழியே வடக்கும் தெற்குமாக வழிகிறது. பொங்கல் பானையை நினைத்துக்கொள்ளுங்கள்: நடுவில் பொங்குகிறது, விளிம்பால் வழிகிறது. வழிந்தது போய்ச் சேரும் இடங்கள் காந்த நடுக்கோட்டிலிருந்து 15 பாகை அளவில் இரண்டு பக்கமும் உள்ளன. வடக்குப் பக்கத்தில் அது மத்திய இந்தியாவுக்கு மேலே வரும். நாம் பானையின் நடுவில் இருக்கிறோம்.

இதனால் ஒரு விசித்திரம். சூரியன் உச்சியில் நிற்கும்போது எஃப்2 மிக அடர்த்தியாக இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இங்கே பல நாட்களில் காலையில் ஒரு உச்சம், பின்னேரம் இன்னொரு உச்சம், நண்பகலில் ஒரு பள்ளம். வெயில் கொடுப்பதைப் பானை வழியவிட்டுவிடுகிறது.

படி 2: கருவியும் கம்பியும்

சிற்றலை பிடிக்கும் எந்த றேடியோவும் சரி. டிஜிட்டல் இலக்கத்தில் அதிர்வெண் காட்டினால் வசதி. எஸ்.எஸ்.பி. (அமெச்சூர்காரரின் பேச்சையும் மோர்ஸையும் கேட்க உதவும் ஒற்றைப் பக்கப்பட்டை) வசதி இருந்தால் இன்னும் பல கதவுகள் திறக்கும். கேட்பதோடு நிற்காமல் ஒலிபரப்பவும் ஆசை வந்தால், தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அமெச்சூர் வானொலி உரிமம் வேண்டும்.

வெளியே 10 முதல் 20 மீற்றர் வரை சாதாரண வயரை இழுத்துக் கட்டுங்கள். பனையில் கட்டாதீர்கள். வளவிலேயே உயர்ந்து நிற்பது அதுதான், இடியும் முதலில் தேடுவது அதைத்தான். வேம்பும் மாமரமும் போதும்.

அடுத்த தொல்லை இரைச்சல். சோலார் சார்ஜ் கொன்ட்ரோலர், மலிவான எல்.இ.டி. பல்பு, போன் சார்ஜர் ஆகிய மூன்றையும் நிறுத்திவிட்டுக் கேளுங்கள். வன்னிக்கே உரிய இரைச்சல் ஒன்றும் உண்டு. செக்கனுக்கு ஒரு தரம் "டிக்... டிக்..." என்று கடிகாரம்போல் கேட்டால் அது வானத்திலிருந்து வருவதல்ல, யானை வேலியின் மின்துடிப்பு. எங்காவது ஒரு கொடி வேலியில் படர்ந்து பொறி தட்டும்போது அது கூடுதலாகக் கேட்கும். ஒருமுறை அதை நேரச் சமிக்ஞை என்று நினைத்து அரை மணித்தியாலம் கணக்கெடுத்திருக்கிறேன்.

படி 3: ஒரு முழு நாள் கேளுங்கள்

அளக்க ஒரு நிலையான விளக்கு வேண்டும். சீனாவின் பி.பி.எம். நேரச் சமிக்ஞை நிலையம் அதற்கு ஏற்றது. 5, 10 மெகாஹேர்ட்ஸில் எந்நேரமும், 15இல் பகலில் மட்டும், செக்கனுக்குச் செக்கன் துடிப்பு அனுப்புகிறது. நமக்கு ஏறத்தாழ 4,000 கிலோமீற்றர் வடகிழக்கே இருக்கிறது. அதன் அலை இங்கே வர வழக்கமாக இரண்டு பாய்ச்சல் எடுக்கும் (மேலே போய் வளைந்து நிலத்துக்குத் திரும்புவது ஒரு பாய்ச்சல்). நமக்குக் கிட்டிய வளைவு வங்காள விரிகுடாவுக்கு மேலே நடக்கிறது. ஆகவே நீங்கள் கேட்பது உங்கள் தலைக்கு மேலுள்ள வானத்தை மட்டுமல்ல. அங்கே நமக்கு முதலே இருட்டிவிடும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விடிய 5.30, காலை 9, மதியம் 12, பின்னேரம் 3, மாலை 6.30, இரவு 9 என ஆறு நேரத்தில் மூன்று அலைவரிசைகளையும் கேட்டு, பூச்சியம் முதல் ஐந்து வரை புள்ளி போடுங்கள். 5 மெகாஹேர்ட்ஸ் இரவில் தெளிவாக இருந்து, வெயில் ஏற ஏற அமுங்கி, நண்பகலில் காணாமல் போக வேண்டும். அது டி படை விழுங்கியது. 15 அதற்கு எதிர்மாறு. 10 இரண்டுக்கும் நடுவே நின்று காலையிலும் மாலையிலும் நன்றாக இருக்கும். 15இல் பி.பி.எம். ஓய்ந்த பிறகு, 15 மெகாஹேர்ட்ஸை ஒட்டிய 19 மீற்றர் பட்டையில் வழமையாக வரும் ஏதாவது ஒரு ஒலிபரப்பு நிலையத்தைப் பதிலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

எஸ்.எஸ்.பி. உள்ளவர்கள் 14.100 மெகாஹேர்ட்ஸுக்குப் போங்கள். உலகெங்கும் உள்ள 18 குறிகாட்டி நிலையங்களுக்கு மூன்று நிமிடச் சுற்றில் ஆளுக்குப் பத்துச் செக்கன் ஒதுக்கியிருக்கிறார்கள். மோர்ஸில் தன் பெயரைச் சொல்லிவிட்டு 100 வாற்றிலிருந்து 0.1 வாற்று வரை படிப்படியாக இறங்கும். கடைசி நீள்கோடும் கேட்டால் வழி அகலத் திறந்திருக்கிறது என்று அர்த்தம். கொழும்பின் 4எஸ்7பி நிலையமும் இதில் ஒன்று. பகிடி என்னவென்றால், பல வேளைகளில் ஜப்பான் கேட்கும், கொழும்பு கேட்காது. 14 மெகாஹேர்ட்ஸில் மேலே போய் வளைந்து திரும்பும் வானலை அவ்வளவு கிட்ட இறங்காமல் நம்மைத் தாண்டிக் குதித்துவிடுகிறது.

நேரத்தை உலகப் பொது நேரத்தில் எழுதுங்கள். நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணித்தியாலம் கழித்தால் சரி. 1996 முதல் 2006 வரை அரசாங்கம் நேரத்தை முன்னே தள்ளி வைத்திருக்க, வன்னி பழைய நேரத்திலேயே இருந்ததே, அந்தக் குழப்பத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

படி 4: பருவத்தைப் பிடியுங்கள்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போகவேண்டும். நம் காந்த அகலாங்கில் பருவத்தை ஆள்வது மாரியும் கோடையும் அல்ல, பகலும் இரவும் சமமாகும் இரண்டு காலங்கள்: பங்குனி, சித்திரை ஒருமுறை, புரட்டாதி, ஐப்பசி இன்னொருமுறை. (மாதப் பெயர்களை மார்ச், ஏப்ரல் என்று நாம் புழங்கும் கணக்கிலேயே சொல்கிறேன்.) இந்த மாதங்களில் எஃப்2 மிக அடர்த்தி. 15, 17, 21 மெகாஹேர்ட்ஸ் பட்டைகள் பொழுது பட்ட பிறகும் நீண்ட நேரம் உயிரோடு இருக்கும்.

முதல் காரணம் கண்ணுக்கே தெரிவது. சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய நாட்களில் சூரியன் வன்னிக்கு நேர் உச்சியில் வருகிறது. உச்சிப்பொழுதில், அதாவது பன்னிரண்டு கடந்து ஏழெட்டு நிமிடத்தில், கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் தண்ணீரில் சூரியன் தெரியும். (கண்ணைக் கூசும், ஒரு கணத்துக்கு மேல் பார்க்க வேண்டாம்.) ஆவணிக் கடைசியில் மறுபடி ஒருமுறை அப்படி வரும்.

இரண்டாவது காரணம் கண்ணுக்குத் தெரியாதது, ஆனால் கனமானது. எஃப்2 உயரத்தில் ஒட்சிசன் அணு இலத்திரனைத் தருகிறது, நைதரசன் மூலக்கூறு அதை இழக்கச் செய்கிறது. ஆனி, மார்கழி போன்ற மாதங்களில் கோடை அரைக்கோளத்திலிருந்து குளிர் அரைக்கோளத்துக்கு மேல்வளியில் பெரிய காற்றோட்டம் ஓடி, எல்லாவற்றையும் அகப்பை போட்டுக் கலக்குகிறது. கலங்கும்போது கீழே இருந்த மூலக்கூறுகள் மேலே வந்துவிடும். பங்குனியிலும் புரட்டாதியிலும் அந்தக் கலக்கல் குறைவு. ஒட்சிசன் மிஞ்சும், இலத்திரனும் மிஞ்சும்.

மார்கழியையும் ஆனியையும் ஒப்பிட்டால் மார்கழியின் கை ஓங்கியிருக்கும். ஜனவரி முதல் வாரத்தில் பூமி சூரியனுக்கு மிகக் கிட்ட, 14.7 கோடி கிலோமீற்றரில் வருகிறது. ஜூலை தொடக்கத்தில் 15.2 கோடி. ஒளியில் 7 சதவீத வித்தியாசம். கவனிக்கப்படும் வித்தியாசம் இதைவிடப் பெரியது, ஆகவே தூரத்தை மட்டும் வைத்து அதை விளக்க முடியாது. எப்படியோ, வைகாசியை ஒட்டி வரும் வற்றாப்பளை அம்மன் பொங்கல் முடிந்து சோழகக் காற்று புழுதி கிளப்பும் நாட்கள்தான் நமக்கு மெலிந்த காலம். உயர் அலைவரிசைகள் முந்திக் கண்ணை மூடிவிடும். அந்த மாதங்களில் புதிதாகத் தொடங்கி, "ஒன்றும் வருகுதில்லை" என்று றேடியோவைப் பரணில் போட்டவர்கள் உண்டு.

நல்ல மாதங்களுக்கும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. சித்திரைப் பின்னேரமும் ஐப்பசிப் பின்னேரமும் இடி முழங்கும் நேரங்கள். அயனமண்டலம் கொடுப்பதை மின்னலின் கரகரப்பு பறித்துவிடும், முக்கியமாக 7 மெகாஹேர்ட்ஸுக்குக் கீழே. அதனால் என் தேர்வு பங்குனி. வானமும் தெளிவு, மண்டலமும் தடிப்பு.

சின்ன வயதில் எனக்கு ஏச்சு வாங்கித் தந்த படபடப்புக்கு இப்போது வருவோம். பொழுது பட்டதும் எஃப் படை இங்கே திடீரென்று மேலே எழும்புகிறது. கீழ்ப்பக்கம் ஒளியில்லாமல் இலத்திரன் குறைந்து இலேசாகிறது, மேலே அடர்த்தி அப்படியே இருக்கிறது. நல்லெண்ணெயின் மேல் தண்ணீரை ஊற்றினால் எண்ணெய் குமிழ் குமிழாக மேலே வருமே, அதுபோல இலேசான பிளாஸ்மா குமிழிகளாகக் கிளம்புகிறது. சில குமிழிகள் 1,000 கிலோமீற்றருக்கும் மேலே எட்டி, கிழக்கு நோக்கி மெல்ல நகரும். அவற்றின் ஓரங்களில் மோதி வரும் அலைதான் படபடக்கிறது. இரவு ஏழரை முதல் நள்ளிரவு வரை இதற்கு நேரம்.

ஏன் பங்குனி, புரட்டாதியில் கூடுதல்? ஒவ்வொரு காந்தக் கோடும் வடக்கே ஒரு காலும் தெற்கே ஒரு காலும் ஊன்றி நிற்கிறது. நம் நெட்டாங்கில் காந்த வடக்கும் உண்மை வடக்கும் அதிகம் விலகவில்லை. பகலிரவு சமமாகும் நாட்களில் இருட்டின் விளிம்பும் நேர் வடக்கு தெற்காகக் கிடப்பதால், இரண்டு கால்களும் ஒரே நேரத்தில் இருட்டுக்குள் போகின்றன. அப்போது எழுச்சி பலமாகிறது. மற்ற மாதங்களில் ஒரு கால் வெளிச்சத்தில் நின்று குமிழியை அடக்கிவைக்கும்.

படி 5: சூரியனின் எண்கள்

மூன்று எண்கள் போதும். முதலாவது சூரியப் புள்ளி எண், அதாவது சூரியனின் முகத்தில் தெரியும் கரும்புள்ளிகளின் கணக்கு. ஏறத்தாழ 11 வருடத்துக்கு ஒரு சுற்று. 1843இல் ஷ்வாபே என்ற ஜெர்மானியர் இதைக் கண்டு சொன்னார். இப்போதைய 25ஆம் சுற்று 2019 டிசம்பரில் தொடங்கி 2024ஐ ஒட்டி உச்சம் தொட்டது. இரண்டாவது, கனடாவில் 10.7 சென்ரிமீற்றர் அலைநீளத்தில் அளக்கும் சூரிய ரேடியோப் பாய்வு. சூரியன் தூங்கும் வருடங்களில் 70ஐ ஒட்டி நிற்கும், விழித்த வருடங்களில் 200ஐத் தாண்டும். அன்றாடப் பயனுக்கு எனக்குப் பிடித்தது இதுதான். 150க்கு மேல் என்றால் 21, 28 மெகாஹேர்ட்ஸில் தேடலாம். 80 என்றால் 15, 17இல் திருப்திப்படலாம். காந்த நடுக்கோட்டில் இருப்பதால் சூரியன் தூங்கும் வருடங்களிலும் நாம் முழுப் பட்டினி இல்லை. அந்த விஷயத்தில் ஐரோப்பியர்களைவிட நாம் கொடுத்துவைத்தவர்கள்.

மூன்றாவது, கே.பி. எண். பூமியின் காந்தக் கலக்கத்தை மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை 0 முதல் 9 வரை சொல்லும். மூன்றும் அமெரிக்க நோவா நிறுவனத்தின் விண்வெளி வானிலைப் பக்கத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இன்னொன்று: சூரியன் தன்னைத் தானே சுற்ற 27 நாள் எடுப்பதுபோல் நமக்குத் தெரியும். இன்று பட்டை நன்றாக இருந்தால், கொப்பியில் 27 நாள் தள்ளி ஒரு குறி போட்டு வையுங்கள்.

படி 6: வெடிப்பையும் புயலையும் பிரித்தறிதல்

பகலில் கேட்டுக்கொண்டிருக்கும்போது சிற்றலை முழுவதும் சட்டென்று வெறுமையானால் பற்றரியை மாற்ற ஓடாதீர்கள். சூரியச் சுவாலையாக, அதாவது சூரியனில் நடக்கும் வெடிப்பாக, இருக்கலாம். அதன் எக்ஸ் கதிர் எட்டேகால் நிமிடத்தில் வந்து டி படையைத் தடிப்பாக்கிவிடும். அடையாளம் இதுதான்: கீழ் அலைவரிசைகள் முதலில் சாகும், கடைசியில் உயிர்க்கும். மேல் அலைவரிசைகள் பிந்திச் சாகும், முந்தி உயிர்க்கும். சில நிமிடத்தில் தீரும், பெரியது என்றால் ஒன்றிரண்டு மணித்தியாலம் இழுக்கும். பகல் பக்கத்தில் மட்டுமே நடக்கும். இரவில் இப்படியானால் பற்றரியைப் பார்க்கலாம்.

புயல் வேறு. சூரியன் தூக்கி எறிந்த காந்தம் கலந்த பிழம்பு இங்கே வர வழக்கமாக ஒன்று முதல் மூன்று நாள் எடுக்கும். கே.பி. எண் 7, 8 என்று ஏறும். துருவத்தை ஒட்டி வரும் அலைகள், உதாரணமாக வட அமெரிக்க நிலையங்கள், முதலில் விழும். நம்மைப்போல் நடுக்கோட்டை ஒட்டிய வழிகள் பல தடவை தப்பிக்கொள்ளும். புயலின் மின்புலம் குமிழிகளைச் சில நாள் கிளப்பும், சில நாள் அடக்கும். எது நடக்கும் என்பது புயல் எந்த நேரத்தில் தொடங்குகிறது என்பதைப் பொறுத்தது. 2024 மே 10, 11இல் வந்தது 2003க்குப் பிறகு மிக உயர்ந்த தரத்தைத் தொட்ட புயல். லடாக்கின் ஹன்லேயில் வானம் சிவந்தது. அமெரிக்காவில் ஜி.பி.எஸ். பார்த்து விதைக்கும் உழவு இயந்திரங்கள் விதைப்பின் நடுவே நின்றுபோயின.

படி 7: போனில் ஒரு சோதனை

றேடியோ இல்லாதவர்களுக்கும் ஒரு வழி. செய்மதிச் சமிக்ஞையின் பலத்தைக் காட்டும் இலவச ஆப் ஒன்றைப் போனில் போட்டு, பங்குனி இரவு எட்டு மணியளவில் திறந்த வெளியில், குளக்கட்டில் என்றால் இன்னும் நல்லது, போனை அசையாமல் வையுங்கள். ஒன்றிரண்டு செய்மதிகளின் பலம் மட்டும் துள்ளித் துள்ளி விழுந்து எழுந்தால் குமிழி ஒன்று குறுக்கே போகிறது என்று சந்தேகிக்கலாம். காலை எட்டு மணிக்கு அதே இடத்தில் திரும்பப் பாருங்கள். வழி கண்டுபிடிப்பதற்கு இதனால் பெரிய நட்டம் இல்லை. சென்ரிமீற்றர் துல்லியத்தில் காணி அளப்பவர்களுக்கும் வயலுக்கு மருந்தடிக்க ட்ரோன் விடுபவர்களுக்கும் விஷயம் வேறு. பங்குனியிலும் புரட்டாதியிலும் அந்த வேலையைப் பொழுது பட முன்னம் முடித்துக்கொள்வது நல்லது.

கொப்பி

தேதி, உலகப் பொது நேரம், அதிர்வெண், புள்ளி, அன்றைய பாய்வு எண், கே.பி., இடி உண்டா இல்லையா. இவ்வளவுதான். படபடப்பு இருந்தால் "ப" என்று ஒரு எழுத்து. ஒரு வருடம் எழுதினால், பங்குனி, புரட்டாதிப் பக்கங்களில் "ப" குவிந்திருக்கிறதா, ஆனிப் பக்கத்தில் புள்ளிகள் மெலிந்திருக்கின்றனவா என்று நீங்களே பார்க்கலாம். ஐப்பசியில் எழுதும்போது ஒரு காதை வெளியே வையுங்கள். முதல் முழக்கம் தூரத்தில் கேட்டதும் கம்பியைக் கழற்றி, நுனியை வெளியே மண்ணில் போட்டுவிட வேண்டும்.